அம்மாவின் அலமாரியில் ஒரு லிப்ஸ்டிக் கிடைத்தது

பழையபெட்டி (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, இரவு 10:42

அம்மா போய் நான்கு மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் அவள் அலமாரியை ஒழிக்க மனசு வந்தது. மேல்தட்டில் கைக்குட்டைகள், பழைய ரசீதுகள், மூன்று மூக்குக்கண்ணாடிக் கூடுகள். இரண்டில் கண்ணாடி இருந்தது. மூன்றாவதில் ஒரு லிப்ஸ்டிக். செங்கல் நிறம். முக்கால்வாசி தீர்ந்துபோனது.

உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் அம்மா லிப்ஸ்டிக் போட்டு நான் பார்த்ததே இல்லை. அண்ணனும் சித்தியும்கூடப் பார்த்ததில்லை, இருவரிடமும் கேட்டுவிட்டேன். குளித்துவிட்டு வந்தால் முகத்தில் கொஞ்சம் பவுடர், அவ்வளவுதான் அவளுடைய ஒப்பனை. இத்தனைக்கும் பதினேழு வயதில் நான் ஆசையாக வாங்கிய லிப்ஸ்டிக்கைக் குப்பைக்கூடையில் போட்டவள் அவள்தான். அதற்கப்புறம் ஆறு மாதம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது என் கையில் அவளுடைய லிப்ஸ்டிக். கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல வரவில்லை. எப்போது போட்டிருப்பாள்? யார் பார்க்க? சீரம், சன்ஸ்க்ரீன் என்று இங்கே ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறேன். இன்றைக்கு வேறு மாதிரிக் கேள்வி. உங்களுக்கெல்லாம் இந்தப் பொருட்கள் என்ன? எதற்கு வைத்திருக்கிறோம், எதற்கு ஒளித்து வைக்கிறோம்?

---

மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 10:58

மனசு கனத்துவிட்டது. ஒரு சந்தேகம்: அன்றைக்குக் குப்பையில் போட்டதை எடுத்து வைத்திருப்பாரோ? அதே லிப்ஸ்டிக்காக இருக்குமோ?

---

பழையபெட்டி | ஞாயிறு, இரவு 11:04

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் என்னுடையது பளீர் ரோஸ். இது அதைவிடப் புதியது, வேறு கம்பெனி. அவளாகவே வாங்கியதுதான்.

---

ஓரமாய்_ஒருவன் | ஞாயிறு, இரவு 11:20

ஆண்கள் பேசலாமா? என் மனைவி வெளியே எங்கும் போகாத விடுமுறை நாளில்கூட ஐலைனர் போடுவார். ஒருமுறை "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. நான் கேட்டதில் என்ன தப்பு என்று இன்றுவரை பிடிபடவில்லை. கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான்.

---

ரெட்டைவால் | ஞாயிறு, இரவு 11:31

சகோ, உங்கள் வீட்டில் சின்னக் குழந்தைகள் உண்டா? எனக்கு இரண்டு. காலையில் எழுந்ததிலிருந்து "அம்மா" என்ற சத்தம் கேட்காத நேரம் எது தெரியுமா? ஐலைனர் போடும் நேரம். கண்ணில் குத்திவிடும் என்று அதுகளுக்கே தெரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று பார்க்கும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து நாலு நிமிடம். கோணலாகப் போனால் துடைத்துவிட்டு மறுபடி. சில நாள் வேண்டுமென்றே கோணலாக இழுப்பேன்.

யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியே எனக்கு அங்கே வரவில்லை. உங்கள் மனைவிக்கு வேறு காரணம் இருக்கலாம். அதை அவரிடமே கேளுங்கள், வேறு தொனியில்.

---

முன்மேசை | திங்கள், காலை 7:15

இப்படி அழகாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எனக்கு இது வேலையின் ஒரு பகுதி. வருகிறவர்களை வரவேற்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சேர்ந்த முதல் வாரமே கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஃபவுண்டேஷன், லிப்ஸ்டிக், நகப்பூச்சு எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று. பக்கத்து மேசையில் இருக்கும் ஆணுக்கு அந்தத் தாளில் ஒரே வரி: தலைமுடி கழுத்துப்பட்டையைத் தொடக்கூடாது. காலையில் எனக்கு முக்கால் மணி நேரம் போகிறது, அதற்குச் சம்பளம் கிடையாது. பொருளும் என் காசு.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் நெவாடா மாகாணம் ரீனோவில் டார்லீன் ஜெஸ்பெர்சன் என்ற பெண் சூதாட்ட விடுதி ஒன்றின் மதுக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தார். நல்ல பெயர் எடுத்தவர். 2000-இல் பெண் ஊழியர்கள் எல்லோரும் மேக்கப் போட்டே ஆகவேண்டும் என்று நிர்வாகம் விதி கொண்டுவந்தது. அவருக்கு அது ஒத்துவரவில்லை, போட்டுக்கொண்டால் தான் தானாகவே இல்லை என்றார். வேலை போயிற்று. வழக்குப் போட்டார். 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. ஆண்களுக்கும் முடி வெட்டுகிற விதி இருக்கிறதே, பெண்களுக்குக் கூடுதல் சுமை என்பதற்குச் சான்று எங்கே என்பதுதான் நீதிபதிகள் கேட்டது. முக்கால் மணி நேரம் அவர்கள் கண்ணுக்குச் சான்றாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

கொஞ்சம் மாறியும் இருக்கிறது. வர்ஜின் அட்லான்டிக் விமான நிறுவனம் 2019-இல்தான் பணிப்பெண்களுக்கு மேக்கப் கட்டாயம் இல்லை என்று சொன்னது. 2019! மனிதன் நிலாவுக்குப் போய் ஐம்பது வருடம் கழித்து.

---

முகம்_கழுவியவள் | திங்கள், காலை 9:02

முன்மேசை சொல்வதை அப்படியே ஏற்கிறேன். நான் ஒரு வருடம் எதுவும் போடாமல் இருந்து பார்த்தேன். கொள்கை, போராட்டம் எதுவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை சோம்பலாக இருந்தது, அப்படியே போய்விட்டேன்.

முதல் இரண்டு வாரம் நான் அதிகம் கேட்ட வாக்கியம்: "என்ன, உடம்பு சரியில்லையா?" அலுவலகத்தில், லிஃப்டில், பக்கத்து வீட்டில். ஒருவர் வைட்டமின் மாத்திரை பெயர் எழுதிக் கொடுத்தார். அவர்கள் இத்தனை வருடம் என் முகம் என்று நினைத்தது கருவளையத்தை மறைக்கும் கன்சீலரும் கன்னம் சிவக்கக் கொஞ்சம் ப்ளஷும். அதை எடுத்ததும் நான் நோயாளி ஆகிவிட்டேன். மூன்றாவது வாரத்துக்கு மேல் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பழகிவிட்டது.

சமூகவியல் ஆய்வாளர்கள் இருவர், வோங், பென்னர், 2016-இல் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். அழகானவர்களுக்குச் சம்பளம் கூட என்பது பழைய விஷயம். இவர்கள் பிரித்துப் பார்த்ததில், பெண்களைப் பொறுத்தவரை அந்தக் கூடுதலின் பெரும்பகுதி பிறவி அழகுக்கு இல்லை. முடி, உடை, ஒப்பனை என்று தன்னைத் திருத்திக்கொள்வதற்குத்தான். அதாவது காலை நேர உழைப்புக்கு. அதனால் "எனக்காகத்தான் போடுகிறேன்" என்று யார் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றே: நாளைக்குப் போடாமல் போக முடியுமா? முடியும் என்றால் சரி, உங்களுக்காகத்தான்.

---

வெண்திட்டு | திங்கள், முற்பகல் 11:40

அந்தக் கேள்வி எல்லோருக்கும் பொருந்தாது தோழி.

எனக்கு இருபத்திரண்டு வயதிலிருந்து முகத்திலும் கையிலும் வெண்திட்டு. உடம்பின் நிறமி செல்களை உடம்பே தாக்கி அழிப்பதால் வருவது. தொற்றாது, வலிக்காது. இந்த இரண்டு வாக்கியத்தையும் வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்! பேருந்தில் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறவரிடம், குழந்தையை இழுத்துக்கொள்ளும் அம்மாவிடம், மருந்து சொல்லும் முன்பின் தெரியாதவரிடம்.

மறைப்பு ஒப்பனை என்று தனியாகவே உண்டு. சாதாரண ஃபவுண்டேஷனைவிட நிறமி மிக அதிகம், மேலே பவுடர் போட்டு இறுக்கினால் வியர்வைக்கும் தண்ணீருக்கும் கரையாது. பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கமே 1975-இல் இருந்து தன்னார்வலர்களை வைத்து இதைச் சொல்லிக்கொடுத்தது. நிறம் பிடிப்பதற்கு எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. ஒரே நிறம் போதாது, இரண்டைக் கலக்க வேண்டும், வெயில் காலத்தில் விகிதம் மாறும்.

வாரத்தில் மூன்று நாள் போடுவேன், நான்கு நாள் போடமாட்டேன். போடாமல் போக முடியும். ஆனால் போட்ட நாளில் எனக்குக் கிடைப்பது அழகு இல்லை. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாத ஒரு நாள். அதை அடிமைத்தனம் என்று எழுதாதீர்கள்.

---

முகம்_கழுவியவள் | திங்கள், பிற்பகல் 12:10

எழுதமாட்டேன். என் கேள்வி உங்களுக்கு இல்லை, மன்னியுங்கள்.

---

கருங்குயில் | திங்கள், பிற்பகல் 1:25

நிறம் பிடிப்பது பற்றி நானும் ஒரு வார்த்தை. என் தோல் நல்ல கறுப்பு. என் இருபதுகளில் கடையில் இருந்த ஃபவுண்டேஷன் எதைப் போட்டாலும் சாம்பல் அப்பிய மாதிரி இருக்கும். என் முகத்தில்தான் குறை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வெளிர் நிறங்களுக்கு அடிப்படையே டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெள்ளைப் பொடி. அதே கலவையில் கொஞ்சம் பழுப்பைக் கூட்டி "டார்க்" என்று விற்றால் கறுப்புத் தோலில் வெளுப்பாகத்தான் தெரியும். 2017-இல் பாடகி ரியானா தன் ஃபென்டி பியூட்டி ஒப்பனைக் கம்பெனியை 40 ஃபவுண்டேஷன் நிறங்களோடு ஆரம்பித்தபோது ஆழ்ந்த நிறங்கள்தான் முதலில் கடைகளில் தீர்ந்தன. அதைப் பார்த்துத்தான் மற்ற கம்பெனிகளும் அவசரம் அவசரமாக வரிசையை நீட்டின. வாங்க ஆள் இல்லை என்று அதுவரை சொன்னவர்கள்!

முதன்முதலில் என் நிறம் பொருந்தியபோது கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதற்காகத்தான் அழுதேன்.

---

முதலாண்டு | திங்கள், மாலை 4:48

அக்காக்களே, நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். கல்லூரித் தோழிகள் ஒரு க்ரீம் போடுகிறார்கள். பத்தே நாளில் முகம் வெளுத்து, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரமே இல்லை. நானும் வாங்கலாமா?

---

நெறியாளர் | திங்கள், மாலை 4:55

இதற்குத் தனி இழை இருக்கிறதே அம்மா. சரி, ஆபத்தான விஷயம் என்பதால் இங்கேயே விடுகிறேன். யாராவது விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லிவிடுங்கள்.

---

ஃபார்முலாக்காரி | திங்கள், மாலை 5:30

வாங்காதே. தோழிகளையும் நிறுத்தச் சொல், ஆனால் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போய்க் கேட்டுவிட்டு.

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், க்ரீம்களுக்குக் கலவை எழுதுகிற வேலை. பத்து நாளில் வெளுக்க வைக்கும் பெயரில்லா க்ரீமில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று பாதரச உப்பு. அது நிறமி உண்டாவதைத் தடுக்கும், கூடவே தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மினமாட்டா உடன்படிக்கை என்று ஐ.நா. ஒப்பந்தமே இருக்கிறது, 2017-இல் அமலுக்கு வந்தது, பாதரசம் கலந்த அழகுப் பொருட்களை ஒழிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அப்படியும் திருட்டுத்தனமாக வருகிறது. இன்னொன்று வீரியமான ஸ்டீராய்டு. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்த நாளம் வெளியே தெரிந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் தீப்பிடித்த மாதிரி சிவக்கும். அதற்குப் பயந்தே மறுபடி போடுவார்கள். அந்தச் சுழலில் மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உன் வயதில் முகத்துக்குத் தேவை மிருதுவான ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். சன்ஸ்க்ரீனில் எண்ணைப் பார்த்து மயங்காதே. எஸ்.பி.எஃப். என்பது வெயிலைத் தடுக்கும் அளவு. அது 30 என்றால் தோலைச் சுடும் வெயில் கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. ஆய்வகத்தில் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. அளவுதான் முக்கியம்.

அப்புறம், பழையபெட்டிக்கு: அந்த லிப்ஸ்டிக்கை உதட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். மெழுகும் எண்ணெயும் நிறமியும்தான் லிப்ஸ்டிக், பெரும்பாலும் விளக்கெண்ணெய். வருடம் போகப் போக எண்ணெய் சிக்குவாடை அடிக்கும். மேலே முத்து முத்தாக வியர்த்திருந்தால் அதுவும் எண்ணெய் வெளியே வருவதுதான். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போட வேண்டாம்.

---

வெள்ளிமுடி_68 | திங்கள், இரவு 7:10

ஃபார்முலாக்காரி இருக்கிற இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் தலைக்குச் சாயம் பூசினேன். ஒரு நாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை, முகமெல்லாம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்னும் பொருளுக்கு ஒவ்வாமை என்றார் மருத்துவர். முப்பது வருடம் ஒன்றும் செய்யாதது அன்றைக்கு ஏன் என்று கேட்டேன். உடம்பு எப்போது வேண்டுமானாலும் போதும் என்று சொல்லும் என்றார். எனக்குப் பிடித்துப்போயிற்று அந்தப் பதில்.

இப்போது முழு வெள்ளை. பேரன் "பஞ்சு" என்கிறான். ஆனால் லிப்ஸ்டிக்கை விடவில்லை. முன்னைவிட அடர்த்தியான நிறம் போடுகிறேன், வெள்ளை முடிக்கு அதுதான் எடுப்பாக இருக்கிறது.

---

ஃபார்முலாக்காரி | திங்கள், இரவு 7:26

அம்மா, அந்த பி.பி.டி.க்குப் பெரிய கதை உண்டு. அமெரிக்காவில் 1933-இல் லாஷ் லூர் என்று கண்ணிமை முடிக்குச் சாயம் விற்றார்கள். அதிலும் இதுதான். பெண்களுக்குக் கண் பார்வை போயிற்று, உயிரும் போயிற்று. அரசாங்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏனென்றால் அழகுப் பொருளைக் கேட்க அன்றைக்குச் சட்டமே கிடையாது! 1938-இல்தான் சட்டம் வந்தது. நம் முகத்தில் பூசுவதைக் கேள்வி கேட்க ஒரு சட்டம் வேண்டும் என்பதற்கு முதலில் சில முகங்கள் போக வேண்டியிருந்தது. ஹேர் டை போடும் எல்லோருக்கும்: 48 மணி நேரத்துக்கு முன் தோலில் துளி தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட். ஒவ்வொரு முறையும்.

இன்னொரு ஆள் நினைவுக்கு வருகிறார், என் தொழிலில் எனக்குப் பிடித்தவர். ஹேசல் பிஷப். பெட்ரோல் கம்பெனியில் வேலை பார்த்த வேதியியலாளர். ராத்திரியில் தன் வீட்டுச் சமையலறையில் முந்நூறுக்கு மேற்பட்ட கலவை போட்டுப் பார்த்து, ஒட்டாத, அழியாத லிப்ஸ்டிக் கண்டுபிடித்தார். 1950-இல் விற்பனைக்கு வந்து வெற்றி என்றால் அப்படி ஒரு வெற்றி. ஆனால் சில வருடத்திலேயே கம்பெனி அவர் கையை விட்டுப் போய்விட்டது. அவர் பெயரில் விற்ற லிப்ஸ்டிக்கில் அவருக்கே பாத்தியதை இல்லை.

---

மூன்றாம்மாடி | திங்கள், இரவு 9:15

இந்தப் பேச்சில் இரண்டு விஷயம் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

1945 ஏப்ரலில் ஜெர்மனியில் இருந்த நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாம் பிரிட்டிஷ் படை கைக்கு வந்தது. அங்கே மருத்துவப் பிரிவை நடத்திய மெர்வின் கோனின் என்ற அதிகாரி தன் குறிப்பில் எழுதியிருக்கிறார்: நாங்கள் கேட்டது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேறு சாமான், வந்தது ஏராளமாக லிப்ஸ்டிக். யார் கேட்டார்கள் என்றே தெரியாது. எரிச்சல்பட்டவர், பிறகு அதுதான் மிகப் பெரிய உதவி என்கிறார். போட்டுக்கொள்ள உடைகூட இல்லாமல் போர்வைக்குள் கிடந்த பெண்கள் உதடு சிவக்கக் கிடந்தார்களாம். கையில் குத்திய எண்ணாக இல்லாமல் மறுபடி ஓர் ஆளானார்கள் என்பது அவர் கணிப்பு.

இன்னொன்று 2023. ஆப்கானிஸ்தானில் தாலிபான் அரசு பியூட்டி பார்லர்களை மூடச் சொன்னது. காபூலில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள், தண்ணீர் பீய்ச்சியடித்தும் வானத்தை நோக்கிச் சுட்டும் கலைத்தார்கள். உயர்நிலைப் பள்ளி இல்லை, பூங்கா இல்லை, பெரும்பாலான அலுவலகங்களும் இல்லை. பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச மிச்சம் இருந்த இடம் அது. புருவம் திருத்தவா அவர்கள் துப்பாக்கி முன் நின்றார்கள்?

---

முகம்_கழுவியவள் | திங்கள், இரவு 9:40

காபூல் விஷயத்தில் மறுபேச்சில்லை. பெல்சனில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நடந்தது நடந்ததுதான். ஆனால் அடுத்த முறை யாராவது லிப்ஸ்டிக் விற்க இந்தக் கதையைத் தொட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எஸ்டி லாடர் கம்பெனியின் லியோனார்ட் லாடர் 2001-இல் ஒரு கணக்குச் சொன்னார், பொருளாதாரம் படுத்தால் லிப்ஸ்டிக் விற்பனை ஏறும், பெண்கள் சின்ன ஆறுதல் தேடுவார்கள் என்று. பின்னால் வந்த மந்தங்களில் அது அப்படியே பலிக்கவில்லை. ஆனால் வாக்கியம் மட்டும் இன்றும் ஓடுகிறது, ஏனென்றால் நம் துயரத்தைக்கூடச் சந்தையாகப் பார்க்க வசதியாக இருக்கிறது.

---

தூரிகைப்பெட்டி | செவ்வாய், காலை 6:50

முழு இழையையும் இப்போதுதான் படித்தேன். பதினாறு வருடமாக மற்றவர்களுக்கு மேக்கப் போட்டுப் பிழைக்கிறேன். பழையபெட்டி, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. லிப்ஸ்டிக்கின் நுனி எப்படித் தேய்ந்திருக்கிறது? சாய்வாகவா, தட்டையாகவா, நடுவில் பள்ளமாகவா?

---

பழையபெட்டி | செவ்வாய், காலை 8:12

பள்ளமாக. கிணறு மாதிரி. ஓரம் வளையமாக நிற்கிறது. உடைந்திருக்கும் என்று நினைத்தேன். ஏன் கேட்கிறீர்கள்?

---

தூரிகைப்பெட்டி | செவ்வாய், காலை 8:30

உதட்டில் நேராகப் போடுகிறவர்களுக்கு நுனி சாய்வாகவோ தட்டையாகவோ தேயும். அவரவர் கைப்பழக்கம், கையெழுத்து மாதிரி. பள்ளம் விழுந்தால் விரலால் தொட்டு எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விரல் நுனியில் துளி எடுத்து, உதட்டில் ஒற்றி, மிச்சத்தைக் கன்னத்தில் தேய்த்துவிட்டு, மேலே பவுடர். செங்கல் நிறம் நம் தோலில் அப்படியே கலந்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் மேக்கப் என்று தெரியாது. நாங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்வதும் அதுதான்.

முக்கால்வாசி அப்படித் தீர வேண்டும் என்றால் ஒருநாள் ரெண்டுநாள் போட்டதில்லை தோழி. தினமும்.

---

இரவுப்பணி | செவ்வாய், காலை 9:05

நான் மருத்துவமனை செவிலி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒன்று கேட்கிறேன். அம்மா கடைசியில் மருத்துவமனையில் இருந்தார்களா? அறுவைக்கு முன் நாங்கள் உதட்டுச்சாயத்தைத் துடைத்துவிடுவோம், நகப்பூச்சையும். உதடு நீலம் பாய்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு நகப்பூச்சு குறுக்கே நிற்கும். அந்த நேரத்தில் சில அம்மாக்கள் எங்கள் கையைப் பிடித்து மெதுவாக, "என் பிள்ளைகள் வருவதற்குள் திரும்பப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்பார்கள். அதனால் கேட்டேன்.

---

பழையபெட்டி | செவ்வாய், இரவு 11:50

பகலெல்லாம் எழுத முடியவில்லை.

படங்களை எடுத்துப் பார்த்தேன். இருபது வருடப் படங்கள். எல்லாவற்றிலும் அம்மா உதட்டில் ஒரே மாதிரி லேசான சிவப்பு. எங்கள் வீட்டில் அது பிரசித்தம். "உங்க அம்மாவுக்கு உதடு பிறவியிலேயே சிவப்பு" என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். நான் அப்பா மாதிரி, எனக்கு அது வரவில்லை என்று வேறு சொல்வார். அம்மா சிரித்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவாள்.

மருத்துவமனைப் படங்களில் உதடு வெள்ளை. வந்து பார்த்த அத்தனை பேரும் ரத்தமே இல்லை, ஒரே வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டாள் என்று அழுதார்கள். நோய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் இதுவும்தானே. முகம்_கழுவியவளிடம் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்களே, அதே மாதிரி.

அறுவைக்கு அன்று காலை நான் பக்கத்தில்தான் நின்றேன். நர்ஸ் பஞ்சால் வாயைத் துடைத்தார், பஞ்சு சிவந்தது. ரத்தம் என்று பதறிவிட்டேன். அம்மா என்னைப் பார்த்து, "உதடு வெடிச்சிருக்கு, ஒன்னுமில்ல" என்றாள். அந்த நர்ஸும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு தடவை தன் கைப்பையைக் கேட்டாள். "இங்கே உனக்குப் பை எதுக்கும்மா" என்று நான்தான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கண்ணாடிக் கூட்டை அந்தப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தவளும் நான்தான். திறந்துகூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று. சித்தியிடம் மறுபடி பேசினேன். எனக்குப் பதினேழு வயதில் அந்தச் சண்டை நடந்தபோது சித்தி கூடத்தில் இருந்தாள். அம்மா "போடாதே" என்று சொல்லவில்லையாம். "இப்படியா பளிச்சினு போடுவாங்க" என்றாளாம். நான் இருபத்துநாலு வருடமாக வேறு வாக்கியத்தை நினைவு வைத்திருக்கிறேன்.

---

ரெட்டைவால் | புதன், அதிகாலை 12:08

அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா?

---

பழையபெட்டி | புதன், அதிகாலை 12:15

இல்லை. சொல்லப் போவதும் இல்லை. அவருக்குப் பிறவியிலேயே சிவப்புதான்.

---

தூரிகைப்பெட்டி | புதன், காலை 7:00

அடிப்பாகத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் நிறத்தின் எண் இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள். நிறுத்திவிட்ட நிறமாக இருந்தாலும் அதற்கு நெருக்கமானது எதுவென்று நான் தேடித் தருகிறேன்.

---

பழையபெட்டி | புதன், காலை 7:22

தேய்ந்துபோயிருக்கிறது. கடைசியில் 4 மட்டும் தெரிகிறது, அதற்கு முன்னால் இன்னோர் எண் இருந்த தடம் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து இணைத்திருக்கிறேன், ஒன்று மேலிருந்து, ஒன்று பக்கவாட்டில். பள்ளத்துக்குள் ஒரு நகக்கீறல் தெரியும். அதைத் தொடாமல் எடுக்கத்தான் நேரமாகிவிட்டது.